மக்களாட்சியின் ஆசிரியர் தோமாஷ் மசாரிக்

1918ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள். பிராக் நகரின் வீதிகளில் மக்கள் வெள்ளமெனத் திரண்டு நின்றனர். நான்காண்டுகளுக்கு முன்னர் ஆஸ்திரியப் பேரரசின் எல்லையைக் கடந்து அயல்நாடு சென்ற பேராசிரியர் ஒருவர், தம் அறுபத்தெட்டாம் வயதில், புதிதாய்ப் பிறந்த செக்கோஸ்லோவாகியக் குடியரசின் முதல் தலைவராக அன்று ஊர் திரும்பினார். அவர்தாம் தோமாஷ் மசாரிக். அவரை வரவேற்க நின்ற கூட்டத்தில் முதியவர்களாயிருந்தோர் பலருக்கு மற்றொரு நினைவும் இருந்திருக்கும். இதே நகரின் நாளேடுகள் ஒரு காலத்தில் இதே மனிதரை இனத்துரோகி என்று எழுதின. இதே நகரின் மாணவர்கள் அவருடைய வகுப்பறையில் கூச்சலிட்டு அவரைப் பேசவொட்டாமல் தடுத்தனர். தூற்றப்பட்ட காலத்திலும் போற்றப்பட்ட காலத்திலும் அவர் கைக்கொண்டிருந்த கொள்கை ஒன்றேதான். அக்கொள்கையே பின்னர் ஒரு நாட்டின் ஆட்சிமுறைக்கு அடித்தளமாயிற்று.

முதல் உலகப் போர் முடிந்தபோது நடு ஐரோப்பாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் புதிய நாடுகள் பல தோன்றின. ஏறத்தாழ எல்லா நாடுகளும் அரசமைப்புச் சட்டம் இயற்றின, நாடாளுமன்றம் அமைத்தன, தேர்தல் நடத்தின. ஆனால் இருபதாண்டுகள் கழிவதற்குள் அவற்றுள் பெரும்பாலானவை சர்வாதிகாரத்தின் பிடியில் வீழ்ந்தன. போலந்தில் 1926இல் படைப்புரட்சி நிகழ்ந்தது. யுகோஸ்லாவியாவில் 1929இல் மன்னரே நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தனியாட்சி நிறுவினார். 1933இல் ஜெர்மனியும், அதனை அடுத்து ஆஸ்திரியாவும் மக்களாட்சியை இழந்தன. நடு ஐரோப்பாவில் செக்கோஸ்லோவாகியா மட்டும் 1938 வரை, வெளியாரின் வலிமை அதனைச் சிதைக்கும் வரை, நாடாளுமன்ற ஆட்சியை விடாது காத்தது. இதற்குக் காரணங்கள் பல உள. தொழில் வளமும், பரவலான கல்வியறிவும், பேரரசின் கீழ்ப் பயின்ற நிர்வாகிகளும் அந்நாட்டிற்கு வாய்த்திருந்தன. அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு காரணம் மசாரிக்கின் வாழ்க்கை.

வண்டியோட்டியின் மகன்

மொராவியப் பகுதியில் ஹோடோனின் என்னும் சிற்றூரில் 1850ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் மசாரிக் பிறந்தார். தந்தை ஸ்லோவாக் இனத்தவர். அரச குடும்பத்தின் பண்ணைகளில் வண்டியோட்டியாக வேலை பார்த்தவர். தாய் மொராவியப் பெண்மணி. ஜெர்மன் மொழிச் சூழலில் வளர்ந்தவர். செல்வர் வீடுகளில் சமையல் வேலை செய்தவர். பண்ணையடிமை முறை சட்டத்தால் ஒழிந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் போயிற்றேயன்றி அச்சம் போகவில்லை. பண்ணை மேலாளரைக் கண்டால் தந்தை கைகட்டி நிற்பதைச் சிறுவன் தோமாஷ் பார்த்து வளர்ந்தான்.

தொழில் கற்பதற்காக அவனை வியன்னாவில் ஒரு பூட்டுத் தொழிற்கூடத்திற்கு அனுப்பினர். நாள் முழுதும் ஒரே பொறியின் முன் நின்று ஒரே வேலையைச் செய்ய வேண்டும். உடன் வேலை பார்த்த ஒருவன், தோமாஷ் கொண்டு சென்ற புத்தகங்களைத் திருடிவிட்டான். சில வாரங்களிலேயே அவன் ஊருக்கு ஓடி வந்துவிட்டான். பின்னர் ஒரு கொல்லனிடம் சேர்ந்தான். ஒருநாள் அவ்வழியே சென்ற முன்னாள் ஆசிரியர் ஒருவர், கரி படிந்த முகத்தோடு நின்ற தம் மாணவனைக் கண்டு வியப்புற்றார். அவருடைய முயற்சியால் தோமாஷ் மீண்டும் கல்வியின் பக்கம் திரும்பினான்.

புருனோ நகரின் உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் வியன்னாவிலும், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அவ்வருவாயில் தாம் படித்தார். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் அறிஞர் பிரென்டானோவின் மாணவராகி, 1876இல் முனைவர் பட்டம் பெற்றார். லைப்சிக் நகரில் தங்கியிருந்தபோது அமெரிக்காவின் புரூக்ளினைச் சேர்ந்த சார்லட் கேரிக் என்னும் பெண்மணியைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து நூல்கள் பயின்றனர். 1878இல் அமெரிக்காவில் அவர்கள் மணம் நிகழ்ந்தது. மனைவியின் குடும்பப் பெயரைக் கணவர் தம் பெயரின் நடுவில் ஏற்று, தோமாஷ் கேரிக் மசாரிக் ஆனார். அக்காலத்தில் எவரும் எதிர்பாராத செயல் இது. பெண்ணடிமைத்தனத்தைக் கண்டித்து ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய நூலைச் சார்லட் பின்னாளில் செக் மொழியில் பெயர்த்தார். மகளிருக்கு வாக்குரிமை என்பது மசாரிக்கிற்குத் தேர்தல் மேடையில் வந்த எண்ணம் அன்று. இல்லறத்திலேயே வேரூன்றிய எண்ணம்.

தற்கொலையை ஒரு சமுதாய நிகழ்வாக ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1881இல் வெளிவந்தது. பிரெஞ்சு அறிஞர் துர்கைம் இதே பொருளில் எழுதிய புகழ்பெற்ற நூல் வெளிவருவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னதாக எழுந்தது இது. அடுத்த ஆண்டு, பிராக் பல்கலைக்கழகம் ஜெர்மன் மொழிப் பிரிவாகவும் செக் மொழிப் பிரிவாகவும் பிரிக்கப்பட்டபோது, செக் பிரிவில் மெய்யியல் பேராசிரியராக அவர் அமர்ந்தார்.

பழஞ்சுவடிகளின் வழக்கு

மசாரிக் பிராக் சென்ற காலத்தில் செக் மக்கள் தம் மொழியின் மறுமலர்ச்சியில் திளைத்திருந்தனர். நெடுங்காலமாக அலுவலகங்களிலும் உயர்குடியினர் இல்லங்களிலும் ஜெர்மன் மொழியே கோலோச்சியது. செக் மொழி உழவர்க்கும் ஏவலர்க்கும் உரியதென்று ஒதுக்கப்பட்டது. அதனை மீண்டும் இலக்கிய மொழியாக உயர்த்தப் புலவர்கள் பாடுபட்டுக்கொண்டிருந்த வேளையில், 1817இல் ஹங்கா என்னும் இளம் மொழியறிஞர், டுவூர் கிராலோவே என்னும் ஊரின் தேவாலயத்தில் பழஞ்சுவடி ஒன்றைக் கண்டெடுத்ததாக அறிவித்தார். அதில் பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்பட்ட வீரப்பாடல்கள் இருந்தன. அடுத்த ஆண்டே இன்னும் பழைமையானதென்று சொல்லப்பட்ட மற்றொரு சுவடி, பெயர் தெரியாத ஒருவரால் அனுப்பப்பட்டு வந்து சேர்ந்தது.

மக்களின் மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை. ஜெர்மானியர்க்குத் தொல்காப்பியம் உண்டெனில் எமக்கும் உண்டு என்று அவர்கள் நெஞ்சு நிமிர்ந்தனர். கதே போன்ற பெருங்கவிஞரும் அப்பாடல்களை விரும்பினார். ஓவியர்கள் அக்காட்சிகளை வரைந்தனர். 1881இல் பிராக் தேசிய அரங்கம் திறக்கப்பட்டபோது அரங்கேறிய ஸ்மெட்டனாவின் லிபூஷே என்னும் இசைநாடகமும் அச்சுவடிகளோடு தொடர்புடையதே. இரண்டாம் சுவடி போலியானது என்று தோப்ரோவ்ஸ்கி என்னும் முதுபெரும் அறிஞர் தொடக்கத்திலேயே சொன்னார். ஆனால் அக்குரல் ஆரவாரத்தில் அமிழ்ந்து போயிற்று.

மசாரிக் தாம் நிறுவிய அதேனியம் என்னும் ஆய்விதழில் 1886ஆம் ஆண்டு, மொழியறிஞர் கெபவுரின் கட்டுரைக்கு இடமளித்தார். சுவடிகளின் மொழியில் காணப்படும் இலக்கணப் பிறழ்வுகள், அவை அக்காலத்தனவாக இருக்க இயலாது என்பதைக் காட்டின. அதனைத் தொடர்ந்து வரலாற்று அறிஞர்களும் வேதியியலாரும் ஆய்வில் இறங்கினர். மசாரிக்கும் அப்பாடல்கள் காட்டும் சமுதாய வாழ்வு அவை சொல்லும் காலத்தோடு பொருந்தவில்லை என்று எழுதினார். பெருமைக்குரிய அச்சுவடிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புனையப்பட்டவை என்ற முடிவை நோக்கி ஆய்வு நடந்தது.

அதன் விளைவு கடுமையாயிருந்தது. பிராக் நாளேடுகள் மசாரிக்கை வசைமாரி பொழிந்தன. நாட்டை விட்டே வெளியேறுமாறு அவரை விரட்டின. அவர் திட்டமிட்டிருந்த பெருங்கலைக்களஞ்சியப் பணியிலிருந்து அவர் விலக நேர்ந்தது. நிறைபேராசிரியர் பதவி நெடுங்காலம் தள்ளிப்போயிற்று. அவர் பின்வாங்கவில்லை. ஓர் இனத்தின் மானம் பொய்யின் மேல் நிற்க இயலாது என்பதும், பொய்யைத் தாமே கண்டறிந்து களையும் இனமே உலகின் முன் தலைநிமிர முடியும் என்பதும் அவருடைய நிலைப்பாடு. தம் இனத்தைப் பற்றிய கசப்பான உண்மையைக் கேட்டுப் பொறுக்க இயலாத மக்கள், தம்மை ஆள்வோரைப் பற்றிய உண்மையையும் கேட்கப் பழகமாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

போல்னா வழக்கு

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, இதனினும் கொடிய சோதனை வந்தது. 1899ஆம் ஆண்டு போல்னா என்னும் ஊரின் புறத்தே, தையல் வேலை செய்துவந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கொலையுண்டு கிடந்தாள். பழி, ஹில்ஸ்னர் என்னும் ஏழை யூத இளைஞன் மேல் விழுந்தது. யூதர்கள் தம் சடங்கிற்காகக் கிறித்தவர் குருதியைக் கவர்கின்றனர் என்னும் பழைய மூடநம்பிக்கை ஊரெங்கும் பரவியது. நீதிமன்றத்திலேயே அக்குறிப்பு ஒலித்தது. ஹில்ஸ்னருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

மசாரிக்கிற்கு அவ்விளைஞன் அறிமுகமானவன் அல்லன். அவனைக் காப்பதால் கிடைக்கும் ஆதாயமும் ஒன்றுமில்லை. யூதர்களைப் பற்றிய அச்சக் கதைகள் தம் சிறுவயது மனத்திலும் படிந்திருந்ததை அவர் மறைக்கவில்லை. ஆயினும் சான்றுகளை ஆராய்ந்து, சடங்குக் கொலை என்பது வெறும் கட்டுக்கதை என்று நிறுவி, வழக்கை மீண்டும் விசாரிக்க வேண்டுமென்று சிறுநூல் எழுதி வெளியிட்டார். அரசு அதனைப் பறிமுதல் செய்தது. மாணவர்கள் அவர் வகுப்பை முற்றுகையிட்டனர். கூச்சலின் நடுவே அவர் கரும்பலகையில் எழுதித் தம் கருத்தைத் தெரிவிக்க முயன்றார். பல்கலைக்கழகம் அவருடைய விரிவுரைகளைச் சில காலம் நிறுத்தி வைத்தது. குடும்பத்தோடு அமெரிக்காவுக்கே சென்றுவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அவர் மனம் நொந்தது. சார்லட் அம்மையாரே அவரைத் தடுத்து நிறுத்தினார்.

மறுவிசாரணை நடந்தது. 1900இல் ஹில்ஸ்னர் மீண்டும் குற்றவாளி என்றே தீர்ப்பாயிற்று. மன்னர் அத்தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். 1918இல்தான் அவர் விடுதலையானார். வழக்கில் மசாரிக் முழுவெற்றி பெறவில்லை என்பதே உண்மை. ஆயினும் பெரும்பான்மை மக்களின் சினத்துக்கு எதிராக ஒரு தனிமனிதனின் உரிமைக்காக நிற்கலாம் என்ற முன்மாதிரி அங்கே உருவாயிற்று. பெரும்பான்மையின் ஆட்சியே மக்களாட்சி என்று எண்ணுவோர் மறந்துவிடும் மறுபாதியை அவர் தம் வாழ்வில் நடத்திக் காட்டினார்.

சிறுபணியும் நாடாளுமன்றமும்

1891இல் இளஞ்செக் கட்சியின் சார்பில் வியன்னா நாடாளுமன்றத்துக்குச் சென்ற மசாரிக், இரண்டாண்டுகளில் பதவி விலகினார். ஆரவாரப் பேச்சு அவருக்கு ஒவ்வவில்லை. பள்ளி நடத்துதல், நூலகம் அமைத்தல், கூட்டுறவுச் சங்கம் தொடங்குதல், உடல்நலம் பேணுதல், குடியை விலக்குதல் ஆகிய நாளாந்தப் பணிகளால்தான் ஓரினம் தன்னாட்சிக்குத் தகுதி பெறும் என்பதை அவர் சிறுபணி என்னும் பெயரால் வலியுறுத்தினார். அடிமைகள் ஒரே நாளில் புரட்சி செய்து ஆட்சியைப் பிடிக்கலாம். ஆனால் ஒருவரையொருவர் நம்பவும், கணக்குக் காட்டவும், தோற்றால் விலகவும் பழகாதவர்கள் அவ்வாட்சியை நடத்த மாட்டார்கள் என்பது அவர் கருத்து.

ரஷ்யாவுக்குச் சென்று தோல்ஸ்தோயை மும்முறை சந்தித்தார். அப்பெருமகனிடம் அவர் கொண்ட மதிப்பு பெரிது. எனினும் தீமையை எதிர்த்தல் கூடாது என்ற தோல்ஸ்தோயின் கோட்பாட்டை அவர் ஏற்கவில்லை. தாக்குவோனைத் தடுத்தல் கடமை என்றே அவர் வாதிட்டார். ரஷ்யச் சிந்தனை வரலாற்றைப் பற்றி 1913இல் அவர் வெளியிட்ட பெருநூல் இன்றும் மதிக்கப்படுகிறது.

1907இல் ஆஸ்திரியாவில் ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது. அத்தேர்தலில் தம் சிறு கட்சியின் சார்பில் மசாரிக் மீண்டும் நாடாளுமன்றம் புகுந்தார். 1909இல் தென்சிலாவியத் தலைவர்களைத் துரோகிகள் என்று காட்ட எழுந்த ஆவணங்கள், பெல்கிரேடிலிருந்த ஆஸ்திரியத் தூதரகத்தின் துணையோடு புனையப்பட்ட போலிகள் என்பதை அவர் துருவி ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தார். தம் இனத்தார் புனைந்த போலியையும் பேரரசு புனைந்த போலியையும் ஒரே அளவுகோலால் அளந்தவர் என்பதை ஐரோப்பா அப்போது உணர்ந்தது.

அயல்நாடுகளில் நான்காண்டுகள்

உலகப் போர் மூளும் வரை ஆஸ்திரியாவை உடைப்பது மசாரிக்கின் நோக்கமன்று. கூட்டாட்சி நாடாக அது சீர்திருந்த வேண்டும் என்றே அவர் விரும்பினார். போர் அந்நம்பிக்கையைச் சிதைத்தது. 1914 டிசம்பரில், அறுபத்து நான்காம் வயதில், அவர் இத்தாலிக்குச் சென்றார். திரும்பினால் சிறை காத்திருந்தது. 1915ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் எரிக்கப்பட்டதன் ஐந்நூறாம் ஆண்டு நிறைவில், ஜெனிவாவில் நின்று ஆஸ்திரியாவுக்கு எதிரான போராட்டத்தை அறிவித்தார். பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார்.

அதற்கு அவர் குடும்பம் கொடுத்த விலை பெரிது. மூத்த மகன் ஹெர்பர்ட், போர் அகதிகளுக்கு உதவச் சென்று நச்சுக்காய்ச்சல் தொற்றி 1915இல் இறந்தார். மகள் ஆலிஸ் வியன்னாச் சிறையில் அடைக்கப்பட்டார். தனித்து விடப்பட்ட சார்லட்டின் உடலும் உள்ளமும் நலிந்தன. அந்நலிவிலிருந்து அவர் மீளவேயில்லை. 1923இல் அவர் மறைந்தார்.

1917இல் மசாரிக் ரஷ்யா சென்று, போர்க் கைதிகளாயிருந்த செக், ஸ்லோவாக் வீரர்களைத் திரட்டித் தனிப்படையாக்கினார். ரஷ்யாவின் உள்நாட்டுப் பூசலில் அப்படை தலையிடலாகாது என்பது அவர் கட்டளை. ஆனால் அவர் நாடு கடந்த பின்னர் சூழல் அக்கட்டளையை மீறச் செய்தது. சைபீரிய இருப்புப்பாதை வழியே விளாதிவஸ்தோக், அங்கிருந்து தோக்கியோ, பின் அமெரிக்கா என்று அவர் பயணம் நீண்டது. 1918 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் அமெரிக்கச் செக்கியரும் ஸ்லோவாக்கியரும் செய்த உடன்பாட்டில் அவரும் கையொப்பமிட்டார். ஸ்லோவாகியாவுக்குத் தனி நிர்வாகமும் தனிப் பேரவையும் தனி நீதிமன்றங்களும் உண்டு என்று அது உறுதி கூறியது. அக்டோபர் 18ஆம் நாள் வாஷிங்டனில் அவர் வெளியிட்ட விடுதலை அறிக்கை, புதிய நாடு குடியரசாக இருக்கும் என்றும், மகளிர் ஆடவர்க்கு நிகராவர் என்றும், சிறுபான்மையினர்க்குச் சம உரிமை உண்டு என்றும் அறிவித்தது. பத்தாம் நாள் பிராகில் குடியரசு மலர்ந்தது. நவம்பர் 14ஆம் நாள், அவர் கடலுக்கு அப்பால் இருக்கும்போதே, குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குடியரசைக் காத்த முறை

1920ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் நிறைவேறிய அரசமைப்புச் சட்டம், ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும் வாக்குரிமையும், பெற்ற வாக்குகளின் விகிதப்படி இடங்களும் வழங்கியது. முந்நூறு உறுப்பினர் கொண்ட கீழவையும் நூற்றைம்பது உறுப்பினர் கொண்ட மேலவையும் அமைந்தன. எட்டு மணி நேர வேலைநாள் முன்பே சட்டமாகியிருந்தது. பெருநிலக்கிழார்களின் நிலங்களுக்கு 1919ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு விதித்தது. வாக்குச் சீட்டோடு நிலமும் ஓய்வும் கிடைத்ததால், குடியரசு தமக்குரியது என்ற எண்ணம் எளிய மக்களிடம் வேர்கொண்டது.

ஆயினும் ஆட்சி நடத்துவது எளிதாயில்லை. எத்தேர்தலிலும் எக்கட்சியும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைக்கூடப் பெறவில்லை. கூட்டணி இன்றி அரசு இல்லை. அதனால் ஐந்து பெருங்கட்சிகளின் தலைவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் குழு ஒன்று உருவாயிற்று. சட்டத்தில் அதற்கு இடமில்லை. நடைமுறையில் நாட்டை நடத்தியது அதுதான். நாடாளுமன்றத்தின் உரிமையை அது குறைத்தது என்ற குறை உண்மையே. ஆனால் உழவர் கட்சியும் தொழிலாளர் கட்சியும் சமயச் சார்புக் கட்சியும் ஒரே மேசையில் அமர்ந்து விட்டுக்கொடுக்கப் பழகியதும் அங்கேதான். கட்சிகள் உடன்படாதபோது, 1920இலும் 1926இலும், அதிகாரிகளைக் கொண்ட இடைக்கால அமைச்சரவையை மசாரிக் அமர்த்தினார். நெருக்கடி தீர்ந்ததும் ஆட்சியை மீண்டும் கட்சிகளிடம் ஒப்படைத்தார். அண்டை நாடுகளில் இத்தகைய நெருக்கடிகள்தாம் சர்வாதிகாரிகளுக்கு வாயில் திறந்துவிட்டன என்பதை நினைத்தால், இவ்வொப்படைப்பின் அருமை விளங்கும்.

1926இல் தலைமைப் படையதிகாரி காய்தாவின் மேல் பாசிசச் சதி குறித்த ஐயம் எழுந்தபோது அவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். படை, குடிமை அரசின் கீழ்தான் என்பது நிலைநாட்டப்பட்டது. குடியரசையே மறுத்த பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்படவில்லை. 1925ஆம் ஆண்டுத் தேர்தலில் 41 இடங்கள் பெற்று அது இரண்டாம் பெருங்கட்சியாக அவையில் அமர்ந்தது. 1933க்குப் பின் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த எழுத்தாளர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் பிராக் புகலிடமாயிற்று.

எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் இல்லத்தில் வெள்ளிதோறும் கூடிய நண்பர் குழுவில் குடியரசுத் தலைவரும் கலந்துகொள்வதுண்டு. எழுத்தாளர்களும் அறிஞர்களும் அவர் முன்னிலையில் தயக்கமின்றி மாறுபட்டுப் பேசினர். மக்களாட்சி என்பது அடிப்படையில் உரையாடலே என்று கருதியவர்க்கு அது இயல்பான இடம். அச்சந்திப்புகளாலும் தனி உரையாடல்களாலும் சாப்பெக் தொகுத்த மசாரிக்கின் வாழ்க்கை வரலாறு செக் இலக்கியத்தின் அரிய நூல்களுள் ஒன்றாக நிலைபெற்றது.

நிறைவேறாதவை

மசாரிக்கின் பணியில் குறைகளும் உண்டு. அவை சிறியன அல்ல. நாட்டில் முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜெர்மானியர் வாழ்ந்தனர். அவர்கள் இக்குடியரசில் சேர விரும்பவில்லை. 1919ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் அவர்கள் நடத்திய ஆர்ப்பாட்டங்களில் படையினர் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசமைப்புச் சட்டத்தை இயற்றிய அவையில் ஜெர்மானியர்க்கோ ஹங்கேரியர்க்கோ இடமில்லை. ஊர் திரும்பிய மறுநாளே மசாரிக் ஆற்றிய உரையில், ஜெர்மானியரைக் குடியேறி வந்தவர்கள் என்று குறித்தது அவர்கள் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. உண்மையை நிறுத்து அளந்து பேசியவர் அன்று அளவு தவறினார் எனலாம்.

பின்னர் அவர் அப்புண்ணை ஆற்ற முயன்றார். ஐந்தில் ஒரு பங்கினராக அவர்கள் வாழும் வட்டங்களில் தம் மொழியிலேயே அலுவலகங்களை அணுகும் உரிமை சட்டமாயிற்று. ஜெர்மன் மொழிப் பள்ளிகளும் பல்கலைக்கழகமும் தொடர்ந்தன. 1926இல் ஜெர்மானியர் இருவர் அமைச்சராயினர். அம்முயற்சி கனியும் வேளையில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. ஜெர்மானியர் வாழ்ந்த எல்லைப் பகுதிகளின் நெசவாலைகளும் கண்ணாடித் தொழிற்கூடங்களும் முடங்கின. வேலையிழந்தோர் ஹென்லைனின் கட்சியை நாடினர். 1935ஆம் ஆண்டுத் தேர்தலில் நாட்டின் எல்லாக் கட்சிகளையும்விட மிகுதியான வாக்குகளை அக்கட்சி பெற்றது.

ஸ்லோவாக்கியர் மனக்குறையும் தீரவில்லை. பிட்ஸ்பர்க் உடன்பாடு நிறைவேற்றப்படவில்லை. அது அமெரிக்காவில் வாழ்வோர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடே என்று மசாரிக் பின்னாளில் விளக்கினார். செக்கியரும் ஸ்லோவாக்கியரும் ஒரே இனம் என்ற கோட்பாடு, ஜெர்மானியர்க்கு எதிரே பெரும்பான்மையைக் காட்ட உதவிற்று. ஆனால் அக்கோட்பாட்டைப் பழஞ்சுவடியை ஆராய்ந்த கண்ணோடு அவர் ஆராயவில்லை. பொய்ப் பெருமையை உடைத்தவரும், தாம் நிறுவிய நாட்டிற்கு வசதியான ஒரு புனைவை விட்டுவைத்தார் என்பதை அவர் வரலாற்றை எழுதுவோர் மறைத்தல் தகாது. அவ்வாறு மறைத்தலை அவரே ஒப்பியிருக்க மாட்டார்.

இறுதிக் காலம்

1920, 1927, 1934 ஆகிய ஆண்டுகளில் மசாரிக் மீண்டும் மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருமுறைக்கு மேல் தொடரலாகாது என்ற விதியிலிருந்து முதல் தலைவர்க்கு மட்டும் அரசமைப்புச் சட்டம் விலக்களித்திருந்தது. 1934இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. பதவியிலேயே இறுதிவரை இருக்கலாம் என்றிருந்தும், 1935ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் தாமே விலகினார். நான்கு நாள் கழித்துப் பெனேஷ் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டார். குண்டுச் சத்தமோ தெருச் சண்டையோ இன்றி ஆட்சித் தலைமை கைமாறியது. 1937ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், லானி என்னும் ஊரில் மசாரிக் காலமானார். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் சார்லட்டின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மக்களாட்சி வேரூன்ற ஐம்பதாண்டு அமைதி வேண்டும் என்பது அவர் கணிப்பு. கிடைத்தது இருபதாண்டு. அவர் மறைந்த மறு ஆண்டே மியூனிக்கில் நான்கு வல்லரசுகள் கூடி, அந்நாட்டைக் கேளாமலே அதன் எல்லைகளை ஹிட்லருக்கு அளித்தன. 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகில் புகுந்தது. போருக்குப் பின் மீண்ட குடியரசும் 1948இல் ஒரு கட்சி ஆட்சியின் கீழ்ச் சென்றது. அவ்வாண்டு மார்ச்சில் அயலுறவு அமைச்சராயிருந்த அவர் மகன் யான் மசாரிக், தம் அமைச்சகச் சாளரத்தின் கீழ் இறந்து கிடந்தார். மசாரிக்கின் சிலைகளை நாஜிகள் அகற்றினர். மக்கள் மீண்டும் நிறுவினர். அடுத்து வந்தோரும் அகற்றினர். தமிழிலக்கிய வரலாற்றை மேலைநாட்டார்க்கு எடுத்துரைத்த அறிஞர் கமில் சுவெலபில், 1927இல் மசாரிக்கின் குடியரசில் பிராக் நகரிலே பிறந்தவர். அவரும் 1968ஆம் ஆண்டு சோவியத் படையெடுப்புக்குப் பின் அயல்நாட்டிலேயே வாழ நேர்ந்தது.

1989 நவம்பரில் பிராக் மக்கள் துப்பாக்கி ஏந்தாமல் வீதியில் திரண்டு ஒரு கட்சி ஆட்சியை முடிவுக்குக் கொணர்ந்தபோது, அவர்கள் கைகளில் மசாரிக்கின் படங்கள் இருந்தன. அக்கூட்டத்தில் பெரும்பாலோர் அவர் மறைந்து பல்லாண்டு கழித்துப் பிறந்தவர்கள். 1993ஆம் ஆண்டின் முதல் நாளில் செக்கியரும் ஸ்லோவாக்கியரும் பிரிந்து தனித்தனி நாடுகளாயினர். மசாரிக் அமைத்த நாடு வரைபடத்திலிருந்து மறைந்தது. ஆனால் அப்பிரிவு நாடாளுமன்றத்தில் சட்டமியற்றி, ஓர் உயிர்ச்சேதமும் இன்றி நிகழ்ந்தது. தம் இனத்தாரின் சினத்தைத் தாங்கிக்கொண்டு வகுப்பறைக் கரும்பலகையில் எழுத முயன்ற அப்பேராசிரியர் கற்பிக்க விரும்பிய பாடம், அவர் கட்டிய நாடு கலைந்த முறையிலும் காணக்கிடைக்கிறது.